மாத்திரை முடிந்தும் கால் எரிகிறதா?

டி.பி. மருந்தால் வரும் உள்ளங்கால் எரிச்சல். 60 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் கண்ட வழி!

திருத்தணி முருகன் மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு "அரோகரா" என்று ஏறினால், உச்சி வெயிலில் கல் படி யார் காலையும் சுடத்தான் செய்யும்.

ஆனால், நிழலில் நின்றாலும் எரிகிறது. வீட்டில் படுத்தாலும் எரிகிறது. ராத்திரி ஈரத்துணியைச் சுற்றிக் கொண்டாலும் எரிகிறது என்றால்?

அதற்குப் படி காரணம் இல்லை. காசநோய்க்கு, அதாவது டி.பி.க்கு, மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு இப்படி நரம்பு எரிச்சல் வருவது உண்டு.

"மிளகாய்த்தூளை அப்பின மாதிரி இருக்குது", "எறும்பு ஊறுது", "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குது" என்று இதைப் பலவிதமாகச் சொல்வார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூரில் இதற்கு "அரிகாள்ள மண்டலு" என்று பெயர். பாஷைதான் வேறு. எரிச்சல் ஒன்றுதான்!

ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லை

இந்த எரிச்சலின் குணமே ஏறி இறங்குவதுதான். நாலு நாள் சும்மா இருக்கும். ஐந்தாம் நாள் தூங்க விடாது. பெரும்பாலும் ராத்திரியில்தான் அதிகம்.

வெளியே பார்த்தால் காலில் புண் இல்லை, வீக்கம் இல்லை. "நேத்து நல்லாத்தானே நடந்தே? இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். வேண்டுதல் பாக்கி என்பார்கள் சிலர். உடம்புச் சூடு என்று நல்லெண்ணெய் தேய்த்து விடுவார்கள் சிலர். பாதிக்கப்பட்டவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகமே வேண்டாம். இது நிஜமான எரிச்சல்.

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் நெசவுதான் பிழைப்பு. கைத்தறியில் மிதி மிதிக்கிறவருக்கும், விசைத்தறி முன்னால் நாள் முழுக்க நிற்கிறவருக்கும் காலில்தான் கூலி. கால் மரத்துப் போனால் அடுப்பு எரிவது எப்படி? அதனால்தான் சிலர் ஒரு முடிவுக்கு வந்து விடுகிறார்கள்: "இருமல்தான் நின்னு போச்சே. இந்தப் பாழாப் போன மாத்திரைய விட்டுத் தொலைப்போம்!"

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இருமல் நின்றாலும் கிருமி சாகவில்லை. ஆறு மாத மருந்தைப் பாதியில் விட்டால் நோய் திரும்பும். திரும்பும்போது பழைய மாத்திரைக்கு அடங்காத கிருமியாகவும் மாறி வரலாம். அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் லைனசோலிட் என்று ஒன்று உண்டு. அது நரம்பை இன்னும் கடுமையாகத் தாக்கக் கூடியது.

சென்னையில் நடந்த ஆராய்ச்சி

இந்த எரிச்சலின் ரகசியத்தைக் கண்டுபிடித்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கியவை. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான்.

காசநோய் என்றால் சானடோரியத்தில்தான் படுக்க வேண்டும் என்று இருந்த காலம் அது. ஏழை வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்கே எடுத்துக் காட்டியது இந்த நிலையம்.

அதே ஆராய்ச்சியில் டாக்டர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். ஐசோனியாசிட் என்ற மாத்திரையை அதிக அளவில், ஒரே வேளையாகச் சாப்பிட்ட சிலருக்குக் கை கால் எரிந்தது, மரத்துப் போனது. 1960-ல் இதை அறிக்கையாக வெளியிட்டார்கள். அதோடு விடவில்லை. பைரிடாக்சின் என்ற 'பி6' வைட்டமினை மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் வெறும் 6 மில்லிகிராம் கொடுத்தாலே எரிச்சல் வராமல் தடுக்கலாம் என்று 1963-ல் தெரிய வந்தது.

ஏன் எரிகிறது?

நரம்புக்கு 'பி6' வேண்டும். ஐசோனியாசிட் அந்தச் சத்தை உடம்பிலிருந்து காலி செய்து விடுகிறது. உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போகிற நரம்புதான். அதனால் முதலில் கால் விரல். இரண்டு காலிலும் ஒரே மாதிரி. பிறகு கணுக்கால் வரை ஏறும்.

எல்லோருக்கும் வருவதில்லை. ஐசோனியாசிட்டைச் சிலர் உடம்பு வேகமாகக் கழிக்கும். சிலர் உடம்பு மெதுவாகக் கழிக்கும். பிறவியிலேயே அமைவது இது. நம் நாட்டில் மெதுவாகக் கழிக்கிறவர்கள் பாதிக்கும் மேல். அவர்களுக்கு எரிச்சல் வரும் வாய்ப்பு அதிகம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள், மது குடிக்கிறவர்கள், சாப்பாடு போதாதவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் ஆகியோரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எப்போது போகும்?

ஆரம்பத்திலேயே சொன்னால் டாக்டர் வைட்டமின் அளவைக் கூட்டுவார். பெரும்பாலும் சில வாரத்தில் குறையும். மறைத்து வைத்து, நரம்பு கெட்ட பிறகு சொன்னால் மாதக் கணக்கு ஆகும். ஆறு மாத மருந்து முடிந்த பிறகும் எரிச்சல் தொடரலாம். சிலருக்கு முழுசாகவே போகாமல் இருப்பதும் உண்டு. நரம்பு எரிச்சலைத் தணிக்கத் தனி மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே ரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும்.

"வைட்டமின்தானே!" என்று மருந்துக் கடையில் வாங்கி அள்ளிப் போடக் கூடாது. 'பி6' அளவுக்கு மீறி நாள்பட உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். எதைத் தடுக்கச் சாப்பிட்டோமோ, அதே எரிச்சல் வந்து நிற்கும்!

படி ஏறுகிறவர்கள் கவனிக்க!

எரிகிற காலைவிட மரத்த கால் மோசம். கல் சுடுவது தெரியாது; கொப்புளம் போடுவது தெரியாது; முள் குத்தினாலும் தெரியாது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்கள் காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் வெயில் ஏறுவதற்கு முன்பே ஏறி விடுவது நல்லது. மலை மேல் போக வண்டிப் பாதையும் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தனக்குத் தெரியாவிட்டால் பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம். அது ரிஃபாம்பிசின் நிறம். ஆனால் பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாவிட்டாலோ, கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்தால் வந்த தொல்லையை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவும் வழி உண்டு. 2010-ல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா போன் இருக்கிறது. நோயாளியே பேசலாம்.

அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி விடாமல், "கால் எரியுதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அன்று சென்னை நோயாளிகள் வாய் திறந்து சொன்னதால்தான் இன்று அதற்கு மருந்து இருக்கிறது!