குந்தி எழ ஒரு பேன்ட்

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். பிளம்பர் வேலை பார்க்கிறவர். வாங்குகிற பேன்ட் எல்லாம் ஒரே இடத்தில், இரண்டு காலும் சேருகிற கவட்டையில், விட்டுக்கொள்கிறதாம். "ஒரு சைஸ் பெரிசாக வாங்கினாலும் அதே கதைதான். டெய்லர் மூன்று தையல் போட்டுக் கொடுத்தார். தையல் நின்றது, பக்கத்தில் துணி கிழிந்தது. வீட்டில் மெஷின் இருக்கிறது, நானே தைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்கிறார்.

தாராளமாக முடியும். பாக்கெட், ஜிப், பெல்ட் லூப் பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. பழைய பேன்ட் ஒன்றைத் தையல் பிரித்துப் போட்டாலே அவை விளங்கிவிடும். அவர் கேட்டிருக்கிற அந்த இடம்தான் பேன்ட்டிலேயே விசேஷமான இடம். எனக்கு அதன் மேல் தீராத ஆசை உண்டு.

பிரித்த பேன்ட்டின் முன் துண்டையும் பின் துண்டையும் கவட்டை முனை தொடும்படி தரையில் வையுங்கள். இடுப்பிலிருந்து இறங்கி, அடியில் வளைந்து, மறுபடி இடுப்புக்கு ஏறும் ஒரு ‘ப’ தெரியும். அந்தப் ‘ப’வின் அடி அகலம் உங்கள் உடம்பின் கனத்துக்கு, அதாவது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள தூரத்துக்கு, இடம் தருகிறது. ‘ப’வின் பின்பக்கக் கை உயரமாகவும் சாய்ந்தும் இருக்கும். குந்தி உட்காரும்போது முன்பக்கம் மடங்கிச் சுருங்குகிறது, பின்பக்கம் நீள்கிறது. அந்தக் கூடுதல் நீளத்துக்குத் துணி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பின் இடுப்பு கீழே இறங்கிக் கொடுக்கும். பெல்ட் அதை விடாமல் பிடித்தால் கவட்டைத் தையல் விட்டுக்கொடுக்கும். வாசகரின் பேன்ட்டில் நடப்பது இதுதான்.

அப்படியானால் கவட்டையைக் கீழே இறக்கித் தொளதொளவென்று தைத்தால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது இன்னும் மோசமாக்கும். சின்ன வயதில் எங்கள் ஊரில் மேயப் போகும் கழுதைக்கு முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளைக்கயிறு போடுவார்கள். குளம்புக்குப் பக்கத்தில் கட்டினால் கழுதை தத்தித் தத்திப் போகும். அதே நீளக் கயிற்றை முழங்காலுக்கு மேலே கட்டினால் அது பாட்டுக்கு நடந்துவிடும். இறங்கிய கவட்டை குளம்பில் போட்ட தளை. உடம்பை உறுத்தாத அளவுக்குக் கவட்டை எவ்வளவு மேலே இருக்கிறதோ, அவ்வளவு தாராளமாகக் கால் விரியும். வாசகரின் பேன்ட்டில் குறைவது உயரமல்ல, ‘ப’வின் அடியில் அகலமும், பின்பக்கத்தில் நீளமும்.

இதை மனிதர்கள் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டார்கள். சீனாவின் மேற்குப் பகுதியில், துர்ஃபான் பள்ளத்தில் யாங்ஹாய் என்ற இடத்துக் கல்லறைகளில் கிடைத்த கம்பளிப் பேன்ட்டைப் பற்றிய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. வயது சுமார் 3,000 ஆண்டு. இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய பேன்ட்டுகளில் ஒன்று. அதில் கத்திரியே படவில்லை. காலுக்கு ஒன்றாக இரண்டு துண்டு, நடுவில் படிப்படியாக அகன்று குறுகும் ஒரு துண்டு என்று மூன்றையும் தேவையான வடிவத்திலேயே தறியில் நெய்து, பிறகு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த நடுத்துண்டு முழுக்கக் கவட்டைக்கு. குதிரையேறும் மனிதன் கால் விரிக்க வேண்டும் என்று தெரிந்து நெய்த கைகள் அவை.

அமெரிக்காவில் ரீனோ நகரத்துத் தையல்காரர் ஜேக்கப் டேவிஸ் வேறு வழி பிடித்தார். உழைப்பாளிகளின் பேன்ட் பாக்கெட் மூலையில் கிழிவதைப் பார்த்து அங்கே செம்பு ரிவெட் அடித்தார். துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து அவர் வாங்கிய காப்புரிமையின் தேதி 1873 மே 20. பாக்கெட்டுக்கு அது அருமையான யோசனை. கவட்டைக்குப் பலம் மட்டும் போதாது, இடம் வேண்டும். மூன்று தையல் போட்டும் துணி கிழிந்தது அதனால்தான்.

கையில் இருக்கிற பேன்ட்டிலேயே வாசகர் இப்படி இடம் கொடுத்துப் பார்க்கலாம். கவட்டையில் நான்கு தையல்கள் ஒரு புள்ளியில் கூடுகின்றன. அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு தொடையின் உள்தையலையும் மூன்று அங்குலம் பிரியுங்கள். முன்னும் பின்னும் ஒன்றரை அங்குலம் போதும். ஒரு திறப்பு கிடைக்கும். அதே கனமுள்ள துணியில் அந்தத் திறப்புக்குப் பொருந்தும் அளவில் நீண்ட சாய்சதுரத் துண்டு ஒன்றை, சுற்றிலும் தையலுக்குத் துணி விட்டு வெட்டி, நீள முனைகள் தொடைப்பக்கம் வரும்படி வைத்துத் தையுங்கள். மொத்த இழுவையும் ஒரு புள்ளியில் விழாமல் நான்கு விளிம்புக்கும் பங்கிடப்படும்.

புதிதாகத் தைப்பதென்றால் பருத்தி டிரில் வாங்கி ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுச் சுருங்கவிடுங்கள். மெஷினில் 16 அல்லது 18 நம்பர் ஊசி. அளவெடுக்கக் கெட்டியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து பலகை வரை இன்ச் டேப் பிடியுங்கள். அதற்கு மேல் அரையிலிருந்து ஓர் அங்குலம் வரை சேர்த்தால் கவட்டை உயரம். முதலில் விலை குறைந்த காடா துணியில் வெட்டி, பெரிய தையலாக ஓட்டிப் போட்டுக்கொண்டு குந்துங்கள். சுருக்கங்கள் பேசும். கவட்டையிலிருந்து தொடைக்குக் கதிர்போல ஓடினால் ‘ப’வின் அடி குறுகல். பின் இடுப்பு இறங்கினால் பின்பக்க உயரம் போதவில்லை. நிற்கும்போது பிட்டத்துக்குக் கீழே துணி தொங்கினால் அங்கே நீளம் அதிகம்.

கவட்டைத் தையலைக் கடைசியாக, முன்னிருந்து பின்னுக்கு ஒரே ஓட்டமாகப் போடுங்கள். வளைவில் துணி குறுக்கே இழுபடும். அதைச் சற்று இழுத்துப் பிடித்துத் தைக்காவிட்டால் பின்னால் நூல் அறும். அதன்மேலேயே இன்னொரு தையல் ஓட்டிவிட்டு, வளைவின் அடியில் மட்டும் உள்துணியைக் கால் அங்குலமாக வெட்டிவிடுங்கள். அகலமாக விட்டால் அது வளைவுக்குள்ளேயே நிமிர்ந்து நின்று இடத்தை அடைத்துக்கொள்ளும். பின் இடுப்பில் தாராளமாக உள்துணி விடவேண்டும். பழைய டெய்லர்கள் ஒன்றரை அங்குலம் விட்டார்கள். உடம்பு கூடினால் பிரித்துக்கொள்ளலாம். ரெடிமேடில் அரை அங்குலம் இருந்தால் அதிகம்.

நம் ஊரில் வேலை நாற்காலியில் நடப்பதில்லை. டைல்ஸ் ஒட்டுகிறவர், பஞ்சர் பார்க்கிறவர், ஒயரிங் செய்கிறவர் எல்லாரும் பாதி நாள் குந்தியே இருக்கிறார்கள். அவர்களுக்கு விற்கிற பேன்ட் மட்டும் நாற்காலிக்காரர்களின் பேட்டர்னில் வருகிறது. கிழிந்தால் உடம்பைக் குறை சொல்கிறோம். பெண்களுக்கு அந்தப் பேன்ட்டும் இல்லை. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வயலிலும் சித்தாள் வேலையிலும் நிற்கும் பெண்களுக்கு, பாக்கெட் வைத்த ஒரு வேலைப் பேன்ட்டை யாரும் யோசித்துத் தைத்ததாகத் தெரியவில்லை.

தொழிலாளர்களுக்குச் சீருடை வாங்கிக் கொடுக்கிற முதலாளிகளுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். துணியின் நிறத்தையும் விலையையும் பார்த்து ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். மாதிரிப் பேன்ட்டை அதைப் போடப்போகிற ஒருவரிடம் கொடுத்து, உங்கள் முன்னால் பத்துத் தடவை குந்தி எழச் சொல்லுங்கள். தாங்கினால் வாங்குங்கள்.