கடிகாரத்துக்குள்ளே ஒரு கல் துடிக்குது!



நம்ம பள்ளியில் மணி அடிக்கிற தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில், சிவப்பு எண்களோடு ஒரு அட்டைப்பெட்டிக் கடிகாரம் ஓடுவதைத் தினமும் பார்க்கிறீர்கள். அதை அறிவியல் மன்றத்தில் நாங்களே செய்தோம். "கடையில வாங்கினதே நிக்குது, நீங்க செஞ்சது சரியா ஓடுமா?" என்று பலபேர் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். இது எங்களுடைய இரண்டாவது கடிகாரம். முதல் கடிகாரத்தை 555 என்ற ஐ.சி.யை வைத்துச் செய்தோம். அதில் கப்பாசிட்டரில் மின்சாரம் நிரம்பிக் காலியாகும் நேரத்தை ஒரு விநாடி என்று வைத்துக்கொள்ள வேண்டும். குழாயடியில் குடம் நிரம்புவதை வைத்து நேரம் கணக்கிடுவது போலத்தான். தண்ணீர் வேகம் மாறினால் கணக்கும் மாறும் அல்லவா? வெயில் ஏற ஏற எங்கள் கப்பாசிட்டரின் அளவும் மாறியது. காலை 9.10-க்குச் சரியாக வைத்த கடிகாரம் மாலை 4.10-க்கு 6 நிமிடம் பின்தங்கிவிட்டது. அதாவது 70 நிமிடத்துக்கு ஒரு நிமிடம் தப்பு.

அதைப் பார்த்து, "இன்னும் நேரம் ஆகலை" என்று சொன்னது நான்தான். மணி 4.16-க்கு அடித்தது. 4.15 பஸ் போய்விட்டது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஐந்து கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். அதில் ஆறாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பேரும் உண்டு. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மறுநாள் அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். "அழுதா நேரம் சரியாகாது, கிரிஸ்டல் போட்டுப் பாருங்க" என்றார்.

கிரிஸ்டல் என்றால் என்ன?

வீட்டில் ஓடாமல் கிடக்கும் பழைய சுவர்க்கடிகாரத்தைப் பிரித்தால், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளி நிற உருளை இருக்கும். மயிர் போல இரண்டு கால் இருக்கும். (கழற்றும்போது கவனம்! எங்களுக்கு ஒன்று முறிந்து போனது.) உள்ளே இருப்பது குவார்ட்ஸ், அதாவது சிலிக்கன் டை ஆக்சைடு. ஆற்று மணலில் மினுமினுக்கிறதே, அதே பொருள்தான். அதை இயற்பியல் புத்தகத்தில் வரும் இசைக்கவை மாதிரி வடிவில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். இதை 1880-இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியரி கியூரி என்ற சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். (பியரி கியூரி பின்னாளில் மேரி கியூரியின் கணவர் ஆனார்.) அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை 'டிக்' என்று அழுத்தினால் பொறி வருகிறதே, அதில் இருப்பது வேறு பொருள், ஆனால் விளைவு இதேதான். திருப்பிப் பார்த்தால், குவார்ட்ஸுக்கு மின்சாரம் கொடுத்தால் அது லேசாக நெளியும். ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளிவிடுவது போல, மின்சுற்று அதை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சின்னக் கல் ஒரு விநாடிக்கு 32,768 தடவை துடிக்கும்!

இதை வைத்து முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் ஹார்ட்டனும் செய்தார்கள். கைக்கடிகாரமாக அது கடைக்கு வந்தது 1969 டிசம்பர் 25-இல், ஜப்பானில்.

அது ஏன் 32,768?

நான் முதலில் "30,000 என்று முழுசா வைத்திருக்கலாமே" என்று நினைத்தேன். பாதியாக்கிப் பாருங்கள்: 16,384, 8,192, 4,096, 2,048, 1,024, 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1. சரியாக 15 தடவையில் ஒன்று வந்துவிட்டது! பாதியாக்குவது ஐ.சி.க்கு மிகச் சுலபமான வேலை. 4060 என்ற ஐ.சி. கிரிஸ்டலைத் துடிக்கவும் வைக்கும், 14 தடவை பாதியும் ஆக்கும். அதன் 3-ஆம் காலில் விநாடிக்கு 2 துடிப்பு வரும். 4013 என்ற ஐ.சி. அதை ஒன்றாக்கும். மற்ற ஐ.சி.கள் 60 விநாடி ஒரு நிமிடம், 60 நிமிடம் ஒரு மணி என்று எண்ணிக்கொண்டே போகும். கரண்ட் போனால் எண்கள் அணைந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் மூன்று பேட்டரி எண்ணிக்கையை விடாது.

கிரிஸ்டல் போட்டும் தப்பு!

கிரிஸ்டல் போட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். டீச்சர், "பத்து நாள் பாருங்க" என்றார். ஏன் பத்து நாள்? நாம் பார்த்துக் கை அசைப்பதிலேயே கால் விநாடி தப்பலாம். ஒரே நாளில் பார்த்தால் அது பெரிய தப்பு. பத்து நாளில் அது பத்தில் ஒரு பங்காகிவிடும்.

டீச்சரின் செல்போனில் இணைய நேரத்தோடு ஒப்பிட்டோம். இந்தியாவின் நேரத்தைக் காப்பது புது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே சீசியம் அணுக்கடிகாரங்கள் இருக்கின்றன. சீசியத்தின் 9,19,26,31,770 அதிர்வுதான் ஒரு விநாடி என்று 1967-இல் உலகமே ஒத்துக்கொண்டது.

பத்து நாளில் எங்கள் கடிகாரம் 38 விநாடி முந்தியிருந்தது. மறுபடி பத்து நாள் பார்த்தோம். மறுபடியும் 38! எனக்கு வருத்தமாக இருந்தது. டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "சீரா இருக்கிறது வேற, சரியா இருக்கிறது வேற. பழைய கடிகாரம் ஒருநாள் பிந்தும், ஒருநாள் முந்தும், அதைத் திருத்தவே முடியாது. இது ஒரே அளவுக்குத் தப்புது. இதைத் திருத்தலாம்" என்றார்.

காரணத்தையும் கண்டுபிடித்தோம். கிரிஸ்டலின் இரண்டு காலிலும் ஒவ்வொரு சின்னக் கப்பாசிட்டர் போட வேண்டும். இந்த வகைக் கிரிஸ்டல் பெரும்பாலும் 12.5 பிகோ ஃபேரட் சுமைக்காகச் செய்யப்படுகிறது. இரண்டு கப்பாசிட்டரும் தொடராகச் சேர்வதால் பாதிதான் கணக்கில் வரும். 22 போட்டால் 11, கம்பிகளின் பங்கு ஒன்றிரண்டு, ஆக ஏறக்குறைய சரி. நாங்களோ கையில் இருந்த 10-ஐப் போட்டுவிட்டோம். சுமை குறைந்தால் கல் வேகமாகத் துடிக்கும்!

ஒரு பக்கம் 22 போட்டு, மறுபக்கம் திருகி அளவை மாற்றக்கூடிய டிரிம்மர் போட்டோம். அதை இரும்பு ஸ்குரூ டிரைவரால் திருகக்கூடாது, நம்ம உடம்பும் கப்பாசிட்டராகச் சேர்ந்துகொள்ளும். சீவிய பிளாஸ்டிக் குச்சியால் கொஞ்சம் திருகுவது, பத்து நாள் காத்திருப்பது, மறுபடி திருகுவது. மூன்றாவது தடவையில் பத்து நாளுக்கு 4 விநாடிதான் தப்பு!

வெயிலும் ஒரு எதிரிதான். இந்தக் கல் 25 டிகிரி வெப்பத்தில்தான் நன்றாக ஓடும். அதைவிட 10 டிகிரி கூடினால் நாளுக்கு 0.3 விநாடி பிந்தும். 20 டிகிரி கூடினால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு, அதாவது 1.2 விநாடி! குளிர்ந்தாலும் இப்படியே பிந்தும். அதனால்தான் கடிகாரத்தை வெயில் படும் தூணிலிருந்து நிழல் சுவருக்கு மாற்றினோம்.

கடிகாரத்துக்குக் கீழே ஒரு நோட்டு தொங்குகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிரேயர் முடிந்ததும் எத்தனை விநாடி தப்பு என்று அதில் எழுதுகிறோம், தப்பை மறைக்காமல். யார் வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கலாம். அன்று நடந்து போன ஆறாம் வகுப்புத் தங்கச்சிகள் இரண்டு பேரும்தான் இப்போது அந்த நோட்டை எழுதுகிறார்கள். அதன்பிறகு ஒருநாளும் 4.15 பஸ் தப்பவில்லை.



— 9-ஆம் வகுப்பு மாணவி, அறிவியல் மன்றம்