வாடை தள்ள, தெற்கே

நாகப்பட்டினத்திலிருந்து தனுஷ்கோடிவரை கடலோரமாகச் சைக்கிளில் போவது என்று பேசி முடித்ததும் நானும் நண்பனும் நாள் குறிக்கவில்லை, காற்றைக் கேட்டோம். தை மாதம் வாடை வீசும். வடகிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று, தெற்கே போகிறவனை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். இதே பாதையில் ஆடியில் கிளம்பினால் கச்சான் எதிரே வந்து மறிக்கும். வாடை, கொண்டல், கச்சான் என்று கடல்தொழில் செய்கிறவர்கள் ஒவ்வொரு காற்றுக்கும் பேர் வைத்திருக்கிறார்களே, அதன் அருமை சைக்கிள் மிதிக்கிறவனுக்கு ஒரே நாளில் விளங்கிவிடும்.

பைக்பேக்கிங்கில் கேரியர் கிடையாது. சீட்டுக்கு அடியில் நீளமாக ஒரு பை, பாருக்குக் கீழே உள்ள முக்கோணத்தில் ஒரு பை, ஹேண்டில்பாரில் சுருட்டிக் கட்டிய படுக்கை, அவ்வளவுதான் வீடு. கனமானது எல்லாம் நடுப்பையில் போக வேண்டும். துணிமணி சீட்டுக்கு அடியில். பாரம் சட்டத்தோடு ஒட்டியிருப்பதால் மணலில் வண்டி அலையாது, பக்கக் காற்றும் அதிகம் பிடிக்காது. கூடாரத் துணியை அவன் வண்டியிலும் கம்பிகளை என் வண்டியிலும் கட்டினோம். ஒருவனை விட்டுவிட்டு இன்னொருவன் எங்கும் தங்க முடியாது.

முதல் நாள் இரவு, வேதாரண்யத்தை அடுத்த அவன் ஊரில் தங்கல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது நாங்கள் இருவரும் சென்னையில் ஒரே அறையில் இருந்தோம். போன் வந்தது, கிளம்பிப் போனான். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து வேலையைப் பார்த்தான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

சைக்கிளில் பக்கத்தில் பக்கத்தில் போகும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, அன்று ஊருக்குப் போகும் வழியில், திருப்பூண்டி தாண்டியதும் தானாகவே ஆரம்பித்தான். "மாப்ள, தோப்புல நாலு மரம்தான்டா நின்னுச்சு. அப்பா வேர் பிடுங்கிக் கிடந்த மரத்து மேல உக்காந்துட்டு எந்திரிக்கவே இல்ல." விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தும் கூலிக்கே கடன் வாங்கியிருக்கிறார்கள். ஒரு தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை அந்த வீடு எதைத் தின்றது என்று அவன் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனசு இல்லை.

மறுபடி வைத்த கன்றுகள் இப்போது காய்ப்புக்கு வந்திருக்கின்றன. மரம் இன்னும் உயரவில்லை. நின்ற இடத்தில் கை நீட்டினால் குலை எட்டுகிறது. அவன் அம்மா ஒரு இளநீரை அரிவாளால் சீவிக் கொடுத்தார். "குடிங்க தம்பி, இது புயலுக்கு அப்புறம் வந்த புள்ள." காலையில் கிளம்பும்போது உரித்த தேங்காய் ஒன்றை அவன் நடுப்பைக்குள் திணித்தார். அரைக் கிலோ இருக்கும். பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்தவன், அதை மறுக்கவே இல்லை.

அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் அருகே இறங்கி நின்றோம். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து புறப்பட்ட ஏறக்குறைய 100 தொண்டர்கள், பதினைந்து நாள் சித்திரை வெயிலில் நடந்து வேதாரண்யம் வந்து, 30-ம் தேதி இங்கே உப்பு அள்ளினார்கள். சுற்றிலும் உப்பளம். மழை விட்டு, பாத்திகளைச் சீர்செய்யும் நேரம். சேற்றைக் காலால் மிதித்து இறுக்குகிறார்கள், தரை சிமென்ட் போல ஆகும்வரை. வெடித்த குதிகாலும் உப்பு வெள்ளையுமாக ஒரு அக்கா எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காசு கொடுத்து இவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டார். பதில் சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வேகமாகக் கடந்தன. நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட 1814-ல் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா கோபுரத்தின் எட்டு அடுக்கை அந்தியில் பார்த்தோம். அன்றிரவு மல்லிப்பட்டினத்தில், வலை பின்னும் கூடத்தின் ஓரம் கேட்டு வாங்கிப் படுத்தோம். மறுநாள் தொண்டி.

தொண்டிக்குத் தெற்கே சீமைக்கருவேலம் சாலைவரை வந்து நிற்கிறது. திருப்பாலைக்குடி அருகே என் பின்சக்கரம் இறங்கியது. டியூப் மாற்றினேன், பத்து நிமிஷத்தில் மறுபடி இறங்கியது. பஞ்சர் கடைப் பெரியவர் டயரைக் கழற்றி, பனியன் துணியைச் சுருட்டி உள்பக்கம் மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் நூல் சிக்கியது. "விரல்ல தேடுனா குத்தும் தம்பி, துணிதான் காட்டிக் கொடுக்கும்." அரிசி முனையளவு முள். குறடால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். எங்கள் டியூபின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அவர் பம்பு சேராது; நண்பன் கொண்டுவந்த சின்னப் பித்தளை அடாப்டர்தான் கைகொடுத்தது. இந்தப் பாதையில் வருகிறவர்கள் அதை மறக்க வேண்டாம்.

ராமநாதபுரம் தாண்டியதும் பாதை கிழக்கே திரும்புகிறது. இத்தனை நாள் தள்ளிய வாடை இப்போது இடப்பக்கமாக முகத்தில் அடிக்கிறது. நண்பன் ஒன்றும் சொல்லாமல் எனக்கு முன்னால், சற்று இடப்புறமாக வந்து மிதிக்க ஆரம்பித்தான். அவன் முதுகின் மறைவில் என் மிதி சட்டென்று லேசானது. பாம்பன் பாலத்தில் காற்று வண்டியைத் தூக்கிப் போடப் பார்த்தது. கீழே, 1914-ல் திறந்த ரயில் பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் வந்த புதிய பாலம். கப்பல் போக நடுப்பகுதி அப்படியே மேலெழும்பும். நின்று பார்க்க ஆசைதான். காற்று விடவில்லை. மாறிக்கொள்ளலாம் என்று இரண்டு முறை கத்தினேன். அவன் திரும்பவே இல்லை.

ஐந்தாம் நாள் காலை தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையும் ரயிலையும் கொண்டுபோனது. மிஞ்சிய தேவாலயச் சுவரின் பவளக் கல்லில் நண்பன் கைவைத்து நெடுநேரம் நின்றான். நான் தள்ளியே நின்றேன்.

அரிச்சல்முனை போய்த் திரும்பும்போது ஒரு ஓலைக் கொட்டகையில் சாப்பாடு. நண்பன் பையிலிருந்து தேங்காயை எடுத்து, சமைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் நீட்டினான். அவர் ஒரே தட்டில் உடைத்து, ஒரு மூடியைத் துருவி அரைத்து எங்கள் மீன் குழம்பில் ஊற்றினார். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே அவன் ஊருக்குப் போன் போட்டான்.

"அம்மா, நம்ம காய் தனுஷ்கோடி வந்து சேந்துடுச்சு."