மருத்துவருக்குத் தகுதிச் சான்று தருவது யார்?

பாலசமுத்திரத்தில் என் சிறிய மருத்துவமனைக்குச் சென்ற மாதம் பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்திருந்தார். உரிமத்தைப் புதுப்பிக்க அவருக்கு மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டது. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் எல்லாவற்றையும் பார்த்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடியே அவர் கேட்டார்: "எனக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருதடவை டாக்டர் கையெழுத்து வேணும். உங்களுக்கு யாருங்கய்யா போடுறது?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால், உண்மையான விடை "யாருமில்லை" என்பதுதான். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலம் முழுவதிலும் நான் நோயாளியைப் பார்க்கும் முறையை அருகிலிருந்து பார்த்து, "இது சரி, இது தவறு" என்று சொன்ன மேலதிகாரி ஒருவர்கூட இல்லை. ஆண்டுதோறும் என்னைப் பற்றி இரகசிய அறிக்கை எழுதப்பட்டது. எழுதியவர் வேறோர் ஊரில் அமர்ந்திருந்தார். எந்தப் பதிவேடு தாமதமானது என்பது அவருக்குத் தெரியும். எந்த நோயாளி ஏன் இறந்தார் என்பது தெரியாது.

தமிழக அரசு மருத்துவர்களின் ஊதிய உயர்வு, 2009-இல் வெளியான அரசாணை 354-இன்படி பணியாண்டுகளை வைத்தே கணக்கிடப்படுகிறது. அந்த ஆண்டுகளைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதற்காகப் போராட்டப் பந்தலில் நானும் அமர்ந்திருக்கிறேன். எனினும், இருபது ஆண்டுகள் பணியாற்றியவரின் திறன் இருபது ஆண்டுகளும் வளர்ந்திருக்கிறதா என்று கேட்கும் கோரிக்கை எதையும் நாங்கள் எழுப்பியதில்லை.

விதி இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ கவுன்சில் 2002-இல் வகுத்த நடத்தை விதிகள், ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்கின்றன. ஆண்டுக்கு ஆறு மணி நேரம்; அதாவது, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறும் எப்படிக் கழிகிறது என்பதை மருத்துவர்கள் அறிவார்கள். காலையில் வருகைப் பதிவேட்டில் கையொப்பம், மதியம் விருந்து, மாலையில் சான்றிதழ். இடையில் சில நல்ல உரைகளும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-ஆம் தேதி புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது. மருந்துகளின் ஜெனரிக் பெயரையே எழுத வேண்டும், மருந்து நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் கருத்தரங்குகளுக்குச் செல்லக் கூடாது என்ற பிரிவுகளுக்கு மருத்துவச் சங்கங்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. அதே மாதம் 23-ஆம் தேதி அந்த விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2002-ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

மணிக்கணக்கு ஏன் போதாது என்பதற்கு நானே சாட்சி. பாம்புக்கடிக்கு நஞ்சுமுறி மருந்து செலுத்தும் முன், தோலில் சிறிதளவு செலுத்தி ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும்படி எங்களுக்குக் கல்லூரியில் கற்பித்தார்கள். அந்தச் சோதனை ஒவ்வாமையை முன்கூட்டிக் காட்டுவதில்லை, நேரத்தைத்தான் வீணாக்குகிறது என்று சொல்லி, 2007-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல் அதைக் கைவிடச் சொன்னது. வயல்களும் தோப்புகளும் சூழ்ந்த எங்கள் பகுதியில் கண்ணாடிவிரியன் கடித்து வருபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் சிறுநீரகத்தின் கணக்கில் கழிகிறது. நானோ மேலும் சில ஆண்டுகள் அந்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்தேன். கருத்தரங்குச் சான்றிதழ்கள் என் அலமாரியில் கட்டுக்கட்டாக இருந்தன. என்னைத் திருத்தியவர், தயங்கித் தயங்கி "சார், இப்ப இது வேண்டாம்னு சொல்றாங்களே" என்ற பயிற்சி மருத்துவர். அவர் வாய் திறந்திராவிட்டால் ஓய்வு பெறும் நாள்வரை நான் அப்படியேதான் செய்திருப்பேன்.

பிரிட்டனில் பணிபுரியும் என் வகுப்புத் தோழருக்கு நிலைமை வேறு. அங்கே 2012 டிசம்பரில் தகுதி மறுஉறுதி முறை நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் சக மருத்துவர் ஒருவருடன் அமர்ந்து தன் பணியை விவாதிக்க வேண்டும். உடன் பணியாற்றுவோரும் நோயாளிகளும் தரும் கருத்துகளைச் சேர்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, அவற்றின் அடிப்படையில் உரிமம் தொடரலாமா என்று முடிவு செய்யப்படுகிறது. பிரிஸ்டல் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் குழந்தைகள் இறந்ததும், ஹரோல்டு ஷிப்மன் என்ற மருத்துவர் தன் நோயாளிகளையே கொன்றதும் அந்நாட்டை இந்த முறையை நோக்கித் தள்ளின.

அதிலும் குறைகள் உண்டு. படிவங்களை நிரப்பியே ஓய்ந்துபோகிறேன் என்கிறார் தோழர். 2018-இல் ஹதீஸா பாவா-கார்பா என்ற மருத்துவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டபோது, தம் தவறுகளைப் பற்றித் தாமே எழுதிவைக்கும் குறிப்புகள் நாளை தமக்கெதிராகத் திரும்புமோ என்ற அச்சம் அங்குள்ள மருத்துவர்களிடையே பரவியது. மேல்முறையீட்டில் அவர் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது; அச்சம் அவ்வளவு விரைவில் அகலவில்லை. தண்டனைக்கு அஞ்சுபவர் உண்மையை எழுத மாட்டார்.

இந்தச் சிக்கலை நாம் ஓரளவு கையாண்டிருக்கிறோம் என்பதுதான் வியப்பு. தமிழகத்தில் 1990-களிலிருந்தே மகப்பேறு மரணங்கள் ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்யப்படுகின்றன. எங்கே தாமதம், யார் எதைக் கவனிக்கவில்லை, இரத்தம் கிடைத்ததா என்று கேட்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் நான் வியர்த்திருக்கிறேன். சில நேரம் அவை விசாரணை மன்றமாகவே மாறியதும் உண்டு. ஆயினும் அடுத்த பிரசவத்தை வேறு கண்ணோடு பார்க்கக் கற்றேன். 2001-03-இல் இலட்சம் பிரசவங்களுக்கு 134 ஆக இருந்த மாநிலத்தின் மகப்பேறு இறப்பு விகிதம், 2018-20-இல் 54 ஆகக் குறைந்தது. இதற்குத் தணிக்கை மட்டுமே காரணமன்று. அதற்கும் ஒரு பங்குண்டு.

இதையே மூத்த மருத்துவர்களுக்கு ஏன் விரிவாக்கக் கூடாது? திண்டுக்கல்லிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து இருவர் ஆண்டுக்கொரு முறை வந்து, ஒரு மூத்த மருத்துவரின் நோயாளிக் குறிப்புகளில் இருபதை எழுந்தமானமாக எடுத்து, அவருடன் அமர்ந்து படித்தால் போதும். செவிலியர்களிடமும் தனியே கேட்க வேண்டும். யார் கை நடுங்குகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அங்கே பேசப்படுவது இடமாற்றத்துக்கோ வழக்குக்கோ பயன்படக் கூடாது என்று சட்டம் காக்க வேண்டும். ஆபத்தான தவறு திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் மட்டும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குச் செல்லட்டும். தனியார் மருத்துவர்களுக்கும் இதுவே பொருந்த வேண்டும். அரசுப் பணிக்காவது ஓய்வு வயது உண்டு. என்னைப் போல் ஓய்வுக்குப் பின்னும் நோயாளிகளைப் பார்ப்பவர்களை நிறுத்தச் சொல்ல எவருமில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க எனக்கு வயதில்லை. ஓட்டுநர் வந்துபோன வாரத்திலேயே, எனக்குத் தெரிந்த இளைய மருத்துவர் ஒருவரிடம் நான் எழுதிய மருந்துச் சீட்டுகளில் பத்தின் நகலைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டில் சிவப்பு மையால் கேள்விக்குறி இட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒன்று, சளிக்காய்ச்சலுக்கு நான் எழுதிய ஆன்டிபயாடிக். மற்றொன்றுக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. அந்த நோயாளியை மீண்டும் வரச் சொல்லியிருக்கிறேன்.