அதிவேக இரயில்: யாருக்கு வரவு, யாருக்குச் செலவு?

சென்ற மாதம் திருவாலங்காட்டை அடுத்த சங்கமொன்றின் பேரவைக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில், கரும்பு பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் நம்மை நிறுத்தி, "ஐயா, சென்னையிலிருந்து மைசூருக்கு அதிவேக இரயில் வரப்போகிறதாமே, அது நம் கொல்லை வழியாகப் போகுமா?" என்று வினவினார். அருகில் நின்ற நெசவாளர் ஒருவர், "போனால் போகட்டுமே, நல்ல விலை கொடுப்பார்கள்" என்றார். முன்னவர் மறுமொழி கூறவில்லை. அவர் உழுவது குத்தகை நிலம் என்பதை நாம் அறிவோம். அந்த மௌனமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சென்னை–பெங்களூரு–மைசூரு அதிவேகத் தடம் என்பது ஏறத்தாழ 435 கிலோமீட்டர் நீளமுள்ள திட்டம். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகளைக் கடப்பது. பூந்தமல்லி, அரக்கோணம், சித்தூர் முதலிய ஒன்பது இடங்களில் மட்டும் நிலையம் அமைக்கக் கருதப்பட்டது. 2026 பிப்ரவரியில் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட ஏழு அதிவேகத் தடங்களுள் சென்னை–பெங்களூரு ஒன்று, ஐதராபாத்–சென்னை மற்றொன்று. ஆகவே நமது மாவட்டத்து அங்கத்தினர்களுக்கு இது தூரத்துச் செய்தி அன்று.

இரயில் நமக்குப் புதிதும் அன்று. தென்னாட்டின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியபோது, அது இவ்வழியேதான் சென்றது. அந்தப் பழைய தடத்தின் சிறப்பு அதன் வேகத்தில் இல்லை. அது சிற்றூர்களிலும் நின்றதில் இருந்தது. நெசவாளர் துணி மூட்டையுடன் ஏறினார். உழவர் காய்கறிக் கூடையுடன் ஏறினார். இன்றும் புறநகர் வண்டி திருவாலங்காட்டில் நிற்கிறது. 2022 நவம்பர் முதல் ஓடும் சென்னை–மைசூரு வந்தே பாரத் வண்டியோ நிற்பதில்லை. நம் நிலையத்தில் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகிறது.

இனி, அதிவேகத் தடத்தின் தன்மையைச் சிறிது காண்போம். மும்பை–அகமதாபாத் தடத்தைப் போல இதுவும் 1,435 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் அமையுமானால், 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள நமது பாதையில் ஓடும் வண்டி அதில் ஏற இயலாது. அதில் ஓடும் வண்டியும் இங்கு இறங்க இயலாது. அது பயணிகளுக்கான தடம். கரும்போ, சர்க்கரை மூட்டையோ, துணிப்பொதியோ அதில் செல்லா. சென்னையிலிருந்து மைசூருக்கு இப்போது ஆறு மணிக்கு மேல் பிடிக்கும் பயணம், சராசரி வேகம் 250 கிலோமீட்டர் எனில், இரண்டு மணிக்குள் முடியும். இது சிறிய நன்மை அன்று. வியாபாரிக்கும், நோயாளிக்கும், வேலை தேடும் இளைஞருக்கும் காலம் பணமே. பழைய தடத்தினின்று விரைவு வண்டிகள் சில குறைந்தால், சரக்கு வண்டிக்கும் புறநகர் வண்டிக்கும் இடம் கிடைக்கும். நம்மைப் பொறுத்தவரை பெரிய நன்மை இதுவாகவே இருக்கலாம். ஆனால் இதைப் பற்றி எவரும் மேடையில் பேசக் காணோம்.

அடுத்தது செலவு. மும்பை–அகமதாபாத் தடம் 508 கிலோமீட்டர். முதலில் போட்ட மதிப்பீடு 1,08,000 கோடி ரூபாய். பின்னர் அது உயர்ந்துவிட்டது. முதல் மதிப்பீட்டையே கொண்டாலும் கிலோமீட்டருக்குச் சுமார் 212 கோடி. இதே விகிதத்தில் 435 கிலோமீட்டருக்கு 92,000 கோடிக்கு மேல் வரும். இது நாம் போட்ட மனக்கணக்கேயன்றி அரசின் மதிப்பீடு அன்று.

கூட்டுறவாளருக்கு வட்டியின் வலிமையை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. இந்த 92,000 கோடி முழுவதும் 7 சதவிகித வட்டிக் கடன் என்று வைத்துக்கொள்வோம். நமது பயிர்க்கடனின் வட்டி அளவுதான். ஆண்டு வட்டி 6,440 கோடி. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 17 கோடியே 64 இலட்சம். நாள்தோறும் 50,000 பேர் பயணம் செய்வதாகக் கொண்டால், ஒவ்வொரு பயணியின் தலையிலும் வட்டி மட்டும் 3,500 ரூபாய்க்கு மேல் விழும். அசலும், மின்சாரமும், சம்பளமும் அதற்கு அப்பால். மும்பை–அகமதாபாத் தடத்துக்கு ஜப்பான் நாடு செலவில் 81 சதவிகிதத்தை, 0.1 சதவிகித வட்டியில், 50 ஆண்டுத் தவணையில் கடனாகக் கொடுக்க முன்வந்தது. அவ்வட்டியில் நமது மனக்கணக்கைத் திரும்பப் போட்டால் பயணி ஒருவருக்கு வட்டி 50 ரூபாய் அளவே. எனவே, இரயில் எவ்வளவு வேகம் என்று கேட்பதற்கு முன், கடன் எவ்வளவு வட்டி என்று கேட்க வேண்டும். கடன் யென் நாணயத்தில் எனில், ரூபாயின் மதிப்பு இறங்கும்போது அசல் தானே ஏறும் என்பதையும் மறக்கலாகாது.

எல்லை கடக்கும் திட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. செலவைப் பங்கிடுவோரும் பயனைப் பங்கிடுவோரும் வெவ்வேறு அளவில் நிற்பர். மும்பை–அகமதாபாத் தடத்தில் குஜராத்தில் 348 கிலோமீட்டரும், மகாராஷ்டிரத்தில் 156 கிலோமீட்டரும் உள்ளன. நிலையங்கள் அங்கு எட்டு, இங்கு நான்கு. ஆயினும் இரு மாநிலங்களும் ஆளுக்கு 5,000 கோடி மூலதனப் பங்கு ஏற்றன. இந்த வருத்தமும் மகாராஷ்டிரத்தில் நிலமெடுப்பு நெடுங்காலம் இழுபட்டதற்கு ஒரு காரணம்.

நாடுகளுக்கிடையே ஆனால் விளைவு இன்னும் கடுமை. நம்மவர் பலர் வாழும் மலேசியாவும் சிங்கப்பூரும் 2016 டிசம்பரில் கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக இரயிலுக்கு உடன்படிக்கை செய்தன. 350 கிலோமீட்டர், தொண்ணூறு நிமிடப் பயணம். 2018இல் மலேசியாவில் ஆட்சி மாறிற்று. கடன் சுமையைக் காட்டி வேலை ஒத்திவைக்கப்பட்டது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு உடன்படிக்கையே முடிந்தது. ஒரு தண்டவாளமும் இடப்படாமலே, மலேசியா சிங்கப்பூருக்கு 10 கோடியே 28 இலட்சம் சிங்கப்பூர் டாலர் இழப்பீடு செலுத்தியது. இருவர் பங்கில் தறி போட்டு, பாவு ஏற்றும் முன்பே ஒருவர் விலகினாற்போல் ஆயிற்று.

இவ்விடத்தில் நமது எல்லையையே நினைத்துக்கொள்கிறோம். 1960 ஏப்ரலில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேரும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் நெசவாளர்களுக்கு நகரியும் புத்தூரும் இன்றும் உறவூர்களே. இவ்வெல்லையைக் கடக்கும் இரயில் திட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. திண்டிவனம்–நகரி புதுப்பாதை 2006-07இல் ஒப்புதல் பெற்றது. ஏறத்தாழ 180 கிலோமீட்டர். இராணிப்பேட்டை வழியாகப் பள்ளிப்பட்டு வட்டத்தின் நெசவூர்களைத் தொட்டு நகரியை அடைய வேண்டியது. தொடக்க மதிப்பீடு 600 கோடிக்கும் குறைவு. அதாவது அதிவேகத் தடத்தின் மூன்று கிலோமீட்டர் செலவு. தாமதத்தால் மதிப்பீடு பன்மடங்கு ஏறிய பின்னும், அது அதிவேகத் தடத்தின் இருபது கிலோமீட்டர் செலவுக்குள் அடங்கும். நெசவூர் நெசவூராக நின்று, பொதியும் ஆளும் ஏற்றக்கூடிய இப்பாதை இத்தனை ஆண்டுகளாகியும் முழுமையடையவில்லை. அதிவேக இரயில் வேண்டாம் என்று நாம் கூற வரவில்லை. ஆனால் நமது மாவட்டத்துக்கு முதலில் எது என்று கேட்டால், நிற்கும் இரயிலே என்பது நமது கருத்து.

மீண்டும் அந்தக் குத்தகைதாரரிடம் வருவோம். மும்பை–அகமதாபாத் தடத்துக்கு ஏறத்தாழ 1,390 ஹெக்டேர் நிலம் எடுக்கப்பட்டது. கிலோமீட்டருக்கு ஆறேமுக்கால் ஏக்கர். ஒரு கிராமத்தில் மூன்று கிலோமீட்டர் சென்றால் 20 ஏக்கர். ஏக்கருக்கு 40 டன் எனில் 800 டன் கரும்பு. நாள்தோறும் 2,500 டன் அரைக்கும் ஆலைக்கு அரை நாள் வேலைகூட இல்லை. ஆலையின் கணக்கில் அது தூசு. ஒன்றரை ஏக்கரையே உழுபவருக்கு அதுவே முழுக் கணக்கு. தடம் பெரும்பாலும் தூண்களின் மேல் செல்வதால் ஏரிக்கு வரும் கால்வாய் மண்மேட்டால் அடைபடாது என்பது மெய். ஆயினும் தூண் நிற்கும் இடத்துக் கிணறு மீளாது.

2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி, ஊரகத்தில் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு வரையான எண்ணால் பெருக்கி, அதற்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகவும் சேர்த்து நில உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும். பத்திரத்தில் குறைத்து எழுதிய விலையே சந்தை மதிப்பாகக் கொள்ளப்படும் அபாயம் உண்டு. முத்திரைக் கட்டணத்தை மிச்சப்படுத்தியவர்கள் இதைக் கவனிக்க. அரசே நடத்தும் திட்டத்துக்கு உரிமையாளர் சம்மதம் தேவையில்லை என்பதையும் அறிக.

நிலம் இல்லாதவருக்கும் இச்சட்டத்தில் இடம் உண்டு. நிலமெடுப்புக்கு முன் மூன்றாண்டுகள் அவ்விடத்தில் உழைத்து, அதையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்ட குத்தகைதாரர், வாரதாரர், விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் ஆகியோரும் பாதிக்கப்பட்ட குடும்பத்தாராவர். மறுவாழ்வு உதவிக்கு உரியவர். வீட்டுக்குள் தறிக்குழி உள்ள நெசவாளருக்கு வீடு போனால் தொழிலும் போம். அவரும் இதில் அடங்குவார். ஆனால் மூன்றாண்டு உழைத்ததை எதைக் கொண்டு காட்டுவது? வாய்மொழிக் குத்தகைக்குச் சாட்சி யார்?

இங்கேதான் நமது சங்கப் பேரேடுகள் பயன்படும். நெசவாளர் சங்கத்தின் கூலிப் பதிவேடு, தறி எண், நூல் வழங்கிய பற்றுச்சீட்டு, கரும்புப் பதிவு, பயிர்க்கடன் கணக்கு ஆகிய யாவும் சான்றாகக் காட்டத்தக்கவை. தணிக்கையின்போது நாம் காண்பது என்ன? உழுபவர் ஒருவர், கரும்புப் பதிவு நில உரிமையாளர் பெயரில். நெய்பவள் மருமகள், கூலிப் பதிவு காலமான மாமனார் பெயரில். இவை வழக்கம் என்று விட்டுவிடுகிறோம். 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி தாசில்தாரிடம் குத்தகையைப் பதியலாம். இப்பகுதியில் நாம் கேட்ட அங்கத்தினர்களில் ஒருவரும் அதைச் செய்திருக்கவில்லை.

நம்மை நிறுத்திக் கேட்ட அங்கத்தினரிடம், தடம் வருகிறதோ இல்லையோ, இவ்வரவைப் பருவத்துக்கு முன் கரும்புப் பதிவைத் தம் பெயருக்கு மாற்றக் கேட்கும்படி சொன்னோம். உரிமையாளர் மனம் நோகுமே என்று அவர் தயங்கினார். அடுத்த பார்வைக்கு வரும்போது இருவரையும் சங்க அலுவலகத்துக்கு அழைத்துப் பேசுவதாகக் கூறியிருக்கிறோம்.