பிடிஎஃப் பக்கத்தை வேர்டு கோப்பில் சேர்ப்பது எப்படி?

ஏழாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாள். ஒரு மாணவி வினாத்தாளையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "டீச்சர், 102-ஐயும் 52-ஐயும் கூட்டினா 154 தானே?" என்று கேட்டாள்.

என் விடைக்குறிப்பில் 125 என்று இருந்தது. நான் கேட்க நினைத்தது 10² + 5². பிடிஎஃப் பயிற்சித்தாள் ஒன்றிலிருந்து நகலெடுத்து வேர்டில் ஒட்டியபோது, மேலே இருந்த 2 கீழே இறங்கி 102 + 52 ஆகிவிட்டது. வகுப்பில் பெரும்பாலோர் 154 என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள் என்றே நினைத்தேன். தவறு என்னுடையது. அத்தனை தாள்களையும் வாங்கி மதிப்பெண்ணைத் திருத்தினேன்.

ஏன் இப்படி நடக்கிறது?

பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். எனவே எந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அது குறித்துவைக்கிறது. அது அடுக்கா, பின்னமா என்பது பல கோப்புகளில் பதிவாவதில்லை.

தமிழில் சிக்கல் இன்னும் அதிகம். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முதலில் தெரிந்தாலும், ஒருங்குறியில் 'க' தான் முதலில் பதிவாகும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்கும்போது இந்த வரிசை மாறி, கொம்பு தனியே பிரிந்துவிடுவதுண்டு. பழைய எழுத்துருக்களில் தயாரான கோப்பு என்றால், ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே வரும். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. ஆனால் அதற்கு முந்தைய கோப்புகள் இன்றும் நம் கைகளில் புழங்குகின்றன.

ஆகவே, பக்கத்தைச் சேர்க்கும் முன் நமக்கு வேண்டியது என்ன என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

1. பக்கம் அப்படியே தெரிந்தால் போதும்

படமாகச் சேர்ப்பதே பாதுகாப்பானது. வரைபடம், சமன்பாடு, அட்டவணை எல்லாவற்றுக்கும் இதுவே ஏற்றது. பிடிஎஃப்பைத் திறந்து, தேவையான பகுதி திரை நிறையும்படி பெரிதாக்குங்கள். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, அந்தப் பகுதியைச் சுட்டியால் வளைத்துப் பிடியுங்கள். பிறகு வேர்டில் கன்ட்ரோல், வி அழுத்தினால் படம் வந்துவிடும். பெரிதாக்காமல் எடுத்தால் அச்சில் எழுத்து மங்கும். அளவை மாற்றும்போது படத்தின் மூலையைப் பிடித்தே இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். படம் கீற்றாக மட்டும் தெரிந்தால், அந்த வரியின் லைன் ஸ்பேசிங்கை 'சிங்கிள்' என்று மாற்றுங்கள்.

2. எழுத்துகளைத் திருத்த வேண்டும்

வேர்டு 2013 முதல், பிடிஎஃப்பை வேர்டிலேயே நேரடியாகத் திறக்கலாம். அது திருத்தக்கூடிய கோப்பாக மாறும். ஆனால் அடுக்கு, பின்னம், கழித்தல் குறி, கொம்புள்ள எழுத்துகள், அட்டவணை ஆகியவற்றை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். தமிழ்ப் பத்தி சிதைந்து வந்தால், அதைச் சரிசெய்வதைவிடப் புதிதாகத் தட்டச்சு செய்வது விரைவில் முடியும்.

3. முழுக் கோப்பும் உள்ளே இருக்க வேண்டும்

இன்சர்ட் பகுதியில் ஆப்ஜெக்ட் என்பதைத் தேர்ந்து, 'கிரியேட் ஃப்ரம் ஃபைல்' வழியாகச் சேர்க்கலாம். ஆனால் முதல் பக்கமோ ஒரு சின்னமோ மட்டுமே தெரியும். அச்சிலும் அவ்வளவுதான் வரும். நான்கு பக்கச் சுற்றறிக்கையை இப்படிச் சேர்த்து அச்செடுத்தால் மூன்று பக்கங்கள் விடுபட்டுப்போகும். கைப்பேசியில் பார்ப்பவருக்கு உள்ளிருக்கும் கோப்பு திறக்காமலும் போகலாம்.

4. பல பக்கங்கள் இணைப்பாக வேண்டும்

அறிக்கையோடு பத்துப் பக்கச் சான்றுகளை அனுப்ப வேண்டுமானால், அவற்றை வேர்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். வேர்டு கோப்பை 'சேவ் அஸ்' மூலம் பிடிஎஃப் ஆக்கி, இரண்டு பிடிஎஃப்களையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள். 'பிடிஎஃப்சாம் பேசிக்' போன்ற இலவச மென்பொருள் இணையத் தொடர்பு இல்லாமலே இதைச் செய்யும். வினாத்தாளையும் மாணவர் விவரப் பட்டியலையும் முன்பின் தெரியாத இணையதளங்களில் ஏற்றி இணைப்பதைத் தவிர்ப்போம்.

எந்த வழியில் சேர்த்தாலும், படியெடுக்கும் முன் ஒரே ஒரு தாளை அச்செடுத்துப் பாருங்கள். நான் இப்போது அந்தத் தாளில் எல்லா வினாக்களுக்கும் நானே விடை எழுதி, பிறகுதான் விடைக்குறிப்போடு ஒப்பிடுகிறேன். அதற்கு அரை மணி நேரம் ஆகிறது. அன்று அதைச் செய்திருந்தால், சரியாகக் கூட்டிய பிள்ளைகளைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன்.