மாற்றுத்திறனாளி மாணவரின் உயர்கல்வியும் நமது சங்கங்களும்

பயிர்க்கடன் ஏன் ஏற்பட்டது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அறுவடைக்குப் பின்னரே உழவரின் கைக்குப் பணம் வருகிறது. விதைக்கும் உரத்திற்கும் செலவோ முன்னதாகவே வந்து நிற்கிறது. நெசவாளருக்கும் அவ்வாறே. பாவும் ஊடையும் முன்னே வேண்டும். கூலி துணி முடிந்த பின்னரே கிடைக்கும். இந்த இடைவெளியை வட்டிக்காரர் நிரப்பாது சங்கம் நிரப்ப வேண்டும் என்பதே கூட்டுறவுக் கடனின் அடிப்படை. மாற்றுத்திறனாளி மாணவரின் கல்லூரிப் படிப்பிலும் இதே இடைவெளி இருக்கிறது. அதை நாம் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பார்வைக் குறைபாடுடைய தம் மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்த ஓர் உறுப்பினர், மனைவியின் நகையை வெளியில் அடகு வைத்து விடுதிப் பணம் கட்டியதாகச் சொன்னார். உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லையா என்று வினவினேன். சிறு வயதில் பெற்ற மருத்துவச் சான்று குறிப்பிட்ட காலத்திற்கே உரியதாம். அது காலாவதியாகி இருந்ததாம். புதிய சான்று கைக்கு வருமுன் விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துவிட்டது. "எங்களிடம் சொல்லியிருக்கலாமே" என்றார் சங்கத் தலைவர். "இதற்கெல்லாம் சங்கத்திற்கு வரலாம் என்று தெரியாதே ஐயா" என்றார் அவர். இவ்விடையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் சட்டம் அளிக்கும் உரிமையை அறிதல் நன்று. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிலையங்களில் 3 சதவீத இடங்களை ஒதுக்கியது. அதற்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு உயர்கல்வி நிலையங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் 5 சதவீதத்திற்குக் குறையாத இடங்களை ஒதுக்கக் கட்டளையிடுகிறது; சேர்க்கைக்கான வயது உச்சவரம்பிலும் 5 ஆண்டு தளர்வு தருகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர் என்று சான்று பெற்றவர்க்கே இவ்வொதுக்கீடு உரியது. முன்பு 7 வகைக் குறைபாடுகளே கணக்கில் இருந்தன. இப்போது 21 வகைகள் உள்ளன. முன்னர் "உங்கள் பிள்ளைக்கு இது பொருந்தாது" என்று கேட்டுத் திரும்பிய பெற்றோர் மறுபடியும் விசாரிப்பது அவசியம்.

இடம் கிடைத்தால் மட்டும் போதாது. செலவுக்கு வழி வேண்டும். மத்திய அரசின் உபகாரச் சம்பளத் திட்டங்களுள் ஒன்று, பதினோராம் வகுப்பு முதல் பட்ட மேற்படிப்பு வரை பயிலும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உரியது. 2018-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளின்படி, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. ஒரே பெற்றோரின் பிள்ளைகளில் பொதுவாக இருவருக்கே கிடைக்கும். இதனைப் பெறுபவர் வேறு உபகாரச் சம்பளத்தையும் சேர்த்துப் பெற இயலாது. தொழில்நுட்பக் கல்வி பயில்வோருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் சக்ஷம் திட்டம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் அளிக்கிறது. அதற்குக் குடும்ப வருமான வரம்பு 8,00,000 ரூபாய். வரம்புகள் மாறக்கூடும், ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறிந்து விண்ணப்பிப்பதே முறை.

விண்ணப்பம் தவறுவது பெரும்பாலும் தகுதியின்மையால் அன்று, தாளின்மையால்தான். மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் நடப்பில் இருக்க வேண்டும். தாசில்தாரின் வருமானச் சான்று வேண்டும். வங்கிக் கணக்கு மாணவரின் பெயரில், ஆதாருடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். கணினி வழியே விண்ணப்பித்த பின், கல்லூரி அதனைச் சரிபார்த்து மேலனுப்பியதா என்று நேரில் கேட்பதும் மாணவர் பொறுப்பு. கல்லூரியில் தங்கிவிட்ட விண்ணப்பம் பயன் தராது. முதலாண்டில் பெற்றவரும் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பித்தாக வேண்டும்.

இனிச் சங்கத்தின் கடமைக்கு வருவோம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் தொகை கைக்கு வரச் சில மாதங்கள் செல்கின்றன. கல்லூரிக் கட்டணமும், விடுதி முன்பணமும், துணைக்கு ஒருவருடன் சென்றுவரும் பேருந்துச் செலவும் சேர்க்கை நாளிலேயே தொடங்குகின்றன. பல வீடுகளில் படிப்பு நின்றுபோவது இந்தச் சில மாதங்களில்தான். ஆகவே துணை விதிகள் இடமளிக்கும் அளவில் சிறு குறுங்காலக் கடன் ஒன்றை இதற்கென ஒதுக்குமாறு நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன். துணை விதியில் இடமில்லாத சங்கங்கள் அதனைத் திருத்துவது குறித்து மகாசபையில் ஆலோசிக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உபகாரச் சம்பளம் நேரே மாணவரின் கணக்கில் சேர்வதால் சங்கம் அதிலிருந்து பிடித்தம் செய்ய இயலாது. விண்ணப்பித்தோர் அனைவருக்கும் அது கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆதலால் அதனை நம்பிக் கடன் கொடுக்கலாகாது. உறுப்பினரின் கூலியையோ விளைச்சல் வருமானத்தையோ பார்த்து, அவரால் திருப்பக்கூடிய தொகையையே கொடுக்க வேண்டும்.

பணமின்றியே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அங்கத்தினர் வீடுகளில் மேல்நிலை வகுப்புப் பயிலும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்தம் சான்று எந்நாள் வரை செல்லும் என்று ஒரு பதிவேட்டில் காரியதரிசி குறித்து வைக்கலாம். பதினொன்றாம் வகுப்பிலேயே நினைவூட்டினால், கல்லூரி திறக்கும்போது தாள்கள் தயாராக இருக்கும்.

அந்த நெசவாளரின் மகள் இவ்வாண்டு கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். சான்று புதுப்பிக்கப்பட்டு விண்ணப்பமும் சென்றிருக்கிறது. நகை இன்னும் மீளவில்லை. அடுத்த வீட்டிலேனும் நகை அடகுக்குப் போகுமுன் அவர்கள் சங்கத்தின் வாயிலுக்கு வருமாறு செய்வது நம் கையில் இருக்கிறது.